இல்லாத காமாலை

மல்லேஸ்வரம், பெங்களூர்
20.5.1983

அன்புள்ள உலகம்மைக்கு,

நலம். நீயும் பாலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குற்றாலத்தில் நம் லாட்ஜுக்கு வெள்ளையடித்து முடித்தாயிற்றா? சீசனுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

போன கடிதத்தில் சொன்ன இன்டர்வியூ நேற்று நடந்தது. சர்வீஸ் மேனேஜர் வேலைக்குக் கம்பெனிக்குள்ளேயே பதின்மூன்று பேர் எழுதிப் போட்டிருந்தோம். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். நடுவில் ஜெனரல் மேனேஜர் ராவ். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று ஒரு வாரம் புத்தகத்தோடு கிடந்தேன். மெஷினைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "உங்களுக்குக் கீழே நாற்பது இன்ஜினியர்கள் இருந்தால் காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார்கள். யார் யார் லீவு என்று பார்ப்பேன் என்றேன். ஒருவர் சிரித்தார். "யாரையாவது கண்டித்திருக்கிறீர்களா?" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். ஒருவரையும் இல்லை. அதையே சொன்னேன்.

உனக்குத் தெரியாததா? பதினொரு வருஷமாக பாங்குகளிலும் மில்களிலும் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் திறக்கக் கை நடுங்குவதில்லை. நாலு மனிதர்கள் முன்னால் உட்கார்ந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஆனாலும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்ததில் என் பெயரும் இருக்கிறது. மற்ற இரண்டு பேரில் ஒருவர் பம்பாய் ஆபீஸ் செரியன். கெட்டிக்காரர்.

இன்னொரு விஷயம். ஜூன் பதினெட்டாம் தேதி ராவ் வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் விருந்து. மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு என்றுதான் பெயர், அதுவும் இன்டர்வியூதான் என்கிறான் துல்கர்னைன். (ஆபீஸ் நிர்வாகப் பிரிவில் இருக்கிறானே, நம் கடையநல்லூர்க்காரன், அவன்தான்.) கட்டாயம் வர வேண்டும் என்றில்லை. உன் வசதியைப் பார்த்து எழுது.

உன்,
பெருமாள்


தென்காசி
25.5.1983

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம்மை எழுதுவது. உங்கள் கடிதத்தைப் பாலாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பதின்மூன்றில் மூன்று என்றால் சும்மாவா? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் பெங்களூருக்கு வந்தது ஒரே முறை, அதுவும் உங்களுக்கு டைபாய்டு வந்தபோது. வசதியைப் பார்த்து எழுது என்று என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? வருகிறேன். பாலாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அடுத்த வீட்டு சுகிர்தம் டீச்சர் ஆறு வாக்கியம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேற்று லாட்ஜுக்குப் போனபோது சமையல்காரர் வேல்சாமி அண்ணாச்சி முன்னால் நின்று, "ஐ ஆம் வெரி ஹேப்பி டு மீட் யூ" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "எதுக்கும்மா ஏசுதீங்க? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார்.

பஜாரில் இரண்டு முள்கரண்டி வாங்கினேன். காலையில் நானும் பாலாவும் அதை வைத்துத்தான் தோசை சாப்பிடுகிறோம். அவள் என்னைவிட நன்றாகக் குத்துகிறாள். அரக்குச் சிவப்புச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அங்கே சாயங்காலம் குளிருமா? சால்வை வேண்டுமா? அந்த அம்மாவுக்கு மங்குஸ்தான் கொண்டுவரலாமா? முதல் காய்ப்பு அதற்குள் வந்துவிடும் என்று மலையிலிருந்து வருகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

உங்களைக் கண்டிக்கத் தெரியாதவர் என்று அவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கண்டித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உலகம்மை


பெங்களூர்
1.6.1983

அன்புள்ள உலகம்மைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விருந்து ஏற்பாட்டில் ஒரு மாறுதல். ஆபீஸ் ஆட்கள் மட்டும் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஆகையால் நீ சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. எப்படியும் சீசன் ஆரம்பம், லாட்ஜை விட்டுவிட்டு வருவது கஷ்டம். ரயிலில் கூட்டமும் அதிகம். ஆபீஸ் ஆட்கள் மட்டும் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் உனக்கு வருத்தம் வேண்டாம். பாலாவுக்குப் பள்ளிக்கூடம் வேறு திறக்கிறார்கள். சீசன் நேரத்தில் நீ அங்கே இருப்பதுதான் நல்லது.

டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

பெருமாள்


குற்றாலம்
8.6.1983

அன்புள்ள அத்தானுக்கு,

சரி. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பாலாதான் கொஞ்சம் அழுதாள். எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரே கடிதத்தில் சீசனை இரண்டு முறையும் ஆபீஸ் ஆட்களை இரண்டு முறையும் எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை எழுதினாலே எனக்குப் புரியும்.

நேற்றிலிருந்து சாரல். மெயின் அருவியில் பாறை மறைகிற அளவுக்கு விழுகிறது. நான் லாட்ஜுக்கே குடிவந்துவிட்டேன். பாலா இங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். துல்கர்னைன் தம்பி கடிதம் எழுதி, பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, ஜூலை எட்டிலிருந்து ஐந்து நாளைக்கு இரண்டு ரூம் வேண்டும் என்று கேட்டிருந்தார். மாடியில் ஒதுக்கிவிட்டேன்.

உலகம்மை


பெங்களூர்
21.6.1983

அன்புள்ள உலகம்மைக்கு,

விருந்து நல்லபடியாக முடிந்தது. சூப் கொடுத்தார்கள். அதிகம் பேசவில்லை. கடைசி இன்டர்வியூ ஜூலை இருபத்தொன்று.

இங்கே மழை இல்லை. அருவியில் தண்ணீர் எப்படி?

பெருமாள்


குற்றாலம்
11.7.1983

அத்தானுக்கு,

இதை லாட்ஜ் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். ட்ரங்க் கால் போட்டால் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவர்கள் காதிலெல்லாம் விழும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

எட்டாம் தேதி துல்கர்னைன் தம்பி அனுப்பிய குடும்பம் வந்தது. ஒரு அம்மா, அவர்கள் தங்கை, இரண்டு பெண்பிள்ளைகள். ரெஜிஸ்டரில் தங்கைதான் தன் பெயரை எழுதினார். கன்னடக்காரர்கள். அந்த அம்மா தமிழ் நன்றாகப் பேசுகிறார். அலட்டல் இல்லை. தாங்களே வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு விருதுநகரிலிருந்து ஒரு பஸ் வந்து வாசலில் நின்றது. இருபத்தாறு பேர். பத்தாம் தேதிக்கு ரூம் சொன்னவர்கள் ஒருநாள் முன்னதாக வந்துவிட்டார்கள். நல்ல மழை. சனிக்கிழமை. ஊரில் ஒரு லாட்ஜிலும் ஒரு ரூம் இல்லை. ஆறு பேர் கையில் கைக்குழந்தை. அவர்கள் தலைவர், "நாங்க தேதியை மாத்திப் புரிஞ்சுக்கிட்டோம், எங்க தப்புதான்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் எப்படித் திருப்பி அனுப்ப?

ஆண்களைச் சாப்பாட்டு ஹாலில் படுக்கச் சொன்னேன். பெண்களுக்கு இடம் வேண்டும். மாடிக்குப் போய்ப் பெங்களூர் அம்மா கதவைத் தட்டினேன். "அம்மா, உங்க ரெண்டு ரூமுல ஒண்ணை இன்னைக்கு மட்டும் தந்தீங்கன்னா ஆறு பிள்ளைக்காரிகள் நனையாமப் படுத்துக்கிடுவாங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றேன். அவர்கள் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை ரூமுக்கு மாறிவிட்டார்கள்.

அதற்குள் கீழே வேல்சாமி அண்ணாச்சி, "இருவத்தாறு இலைக்கு முன்கூட்டிச் சொல்லாம என்னால பொங்க முடியாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கத்திரிக்காயை நறுக்க ஆரம்பித்தேன். என் நறுக்கு உங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷம் வாசலில் நின்று பார்த்தார். "அதை இங்கன தாங்கம்மா, பாக்கச் சகிக்கல" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். பெங்களூர் அம்மா அடுக்களை நிலையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, என்னையும் உட்காரச் சொன்னார்கள். வாழைக்காய் பஜ்ஜியும் காப்பியும் வைத்துக்கொண்டு பேசினோம். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர் என்றேன். எந்தக் கம்பெனி என்றார்கள். சொன்னேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன்.

அந்த அம்மா கப்பைக் கீழே வைத்துவிட்டு, "சிவனணைந்தபெருமாளா? நீங்க பெருமாளோட மனைவியா? உங்களுக்குக் காமாலைன்னு சொன்னாரே. அதனாலதானே அன்னிக்கு எங்க வீட்டு விருந்துக்கு உங்களால வர முடியல? மத்த ரெண்டு பேரோட மனைவியும் வந்திருந்தாங்க" என்றார்கள்.

அவர்கள்தான் திருமதி ராவ்.

அத்தான், அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எத்தனை விஷயம் புரிந்தது என்று எழுத முடியாது. முள்கரண்டி, ரவிக்கை, ஆபீஸ் ஆட்கள் மட்டும் என்று இரண்டு முறை எழுதியது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. என் வாய் மட்டும் தானாகப் பேசியது. "ஆமா, காமாலைதான். இப்பம் சரியாப் போயிட்டு" என்று சொன்னேன்.

உங்களுக்காகத்தான் சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மா எனக்கு ரூமை விட்டுக்கொடுத்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும்படி என்னை வைத்துவிட்டீர்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். வராதே, வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பேன். அதோடு போயிருக்கும்.

உலகம்மை


பெங்களூர்
15.7.1983

உலகம்மைக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி முடிந்ததும் எழுதுகிறேன்.

பெருமாள்


குற்றாலம்
19.7.1983

அந்த நாலில் ஒன்றையாவது அனுப்பியிருக்கலாம்.

உலகம்மை


பெங்களூர்
22.7.1983

அன்புள்ள உலகம்மைக்கு,

நேற்று இன்டர்வியூ முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முக்கால் மணி நேரம் கேள்விகள் நன்றாகவே போயின. கோயம்புத்தூர் மில்லில் மூன்று நாள் மெஷின் நின்றபோது என்ன செய்தேன், யாரை எங்கே அனுப்பினேன் என்று கேட்டார்கள். நாக்கு ஒட்டவில்லை. எழுந்திருக்கப் போகும்போது ராவ், "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்? காமாலையிலிருந்து நன்றாகத் தேறிவிட்டார் என்று என் வீட்டில் சொன்னார்கள்" என்றார்.

ஆமாம் சார் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீ எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாய். ஆனால் நான் ஆமாம் என்றால் நீ சொன்ன பொய் நிஜமாகவே உன் பொய்யாகிவிடும். அதுவரை அது என்னுடையது. ஒருவாரமாக என் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

"அவளுக்குக் காமாலை வரவே இல்லை சார். நான்தான் பொய் சொன்னேன். உங்கள் வீட்டில் கேட்டபோது என்னைக் காப்பாற்ற அவள் ஆமாம் என்றிருக்கிறாள்" என்றேன். மற்ற மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள்.

"ஏன்?" என்றார் ராவ்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை அவர்களிடம் சொல்லவேண்டி வந்தது. எழுபத்தொன்பதில் கம்பெனி விருந்து ஒன்றுக்குப் போயிருந்தேன். மடியில் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி கொடுத்தார்கள். பதற்றத்தில் முகத்தைத் துடைத்து, கைக்குட்டை என்று நினைத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாதம் சிரித்தார்கள். நீ அங்கே வந்து அப்படி ஒரு சிரிப்பைக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மையில்லை. உன்னை வைத்து என்னை எடைபோடுவார்களே என்றுதான் பயந்தேன். இதையும் ராவிடம் சொன்னேன்.

அவர் பைலை மூடினார். "நன்றி, போகலாம்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வேலை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பாலாவிடமும் கேட்க வேண்டும்.

உன்,
பெருமாள்


குற்றாலம்
29.7.1983

அன்புள்ள அத்தானுக்கு,

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பாதி போயிருக்கிறது. மீதி நீங்கள் நேரில் வந்தால் போகலாம்.

துணியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்ததில் உங்களுக்கு என்ன வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே மாதம் பத்துத் துண்டு காணாமல் போகிறது. இதுவரை ஒரு ஆள்கூடத் துவைத்துத் திருப்பி அனுப்பியதில்லை. அப்படி ஒருவர் அனுப்பினால் அவருக்கு நான் வருஷா வருஷம் நல்ல ரூமாக ஒதுக்குவேன்.

பாலா, "அப்பா கிட்ட நான் பேச மாட்டேன்" என்கிறாள். ஆனால் எப்போது வருகிறீர்கள் என்று தினமும் கேட்கிறாள்.

உலகம்மை


பெங்களூர்
16.8.1983

அன்புள்ள உலகம்மைக்கு,

வேலை செரியனுக்குப் போய்விட்டது. நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். அவர் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் நன்றாகச் செய்வார்.

வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். துல்கர்னைன் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, வேலை போனவன் மூஞ்சி மாதிரியே இல்லையே" என்றான்.

பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். இருபதாம் தேதி காலை தென்காசிக்கு வருகிறேன். அருவியில் தண்ணீர் இருக்குமா?

பெருமாள்


பெங்களூர்
24.11.1983

அன்புள்ள உலகம்மைக்கு,

ஆகஸ்டில் நான் கிளம்பும்போது ரயிலடியில், "இன்னொரு தடவை கேட்டா எழுதிப் போடுங்க, பயந்துக்கிட்டு விட்டுராதீங்க" என்று சொன்னாயே. எழுதிப் போட்டேன். உன்னிடம் முன்பே சொல்லாததற்கு மன்னித்துக்கொள். மறைக்கவில்லை. தகவல் நிச்சயமாகட்டும் என்று காத்திருந்தேன்.

கம்பெனி மதுரையில் புதிதாக ஒரு சர்வீஸ் ஆபீஸ் திறக்கிறது. பன்னிரண்டு இன்ஜினியர்கள். அதற்கு ஒரு மேனேஜர். இரண்டு பேர் பாக்கி, நானும் ஹைதராபாத்காரர் ஒருவரும். நேற்று ராவ் கூப்பிட்டுப் பேசினார். ஜூலையில் ஏன் வேலை தரவில்லை என்று அவராகவே சொன்னார். "செரியனுக்கு நாற்பது பேரை நடத்திப் பழக்கம், உங்களுக்கு இல்லை. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். நீ காமாலை என்று சொன்னதைத் திருமதி ராவ் அப்போதே நம்பவில்லையாம். போன மாதம் காமாலை வந்தவள் யாராவது எண்ணெய் சொட்டச் சொட்ட மூன்று பஜ்ஜி சாப்பிடுவாளா என்று வீட்டில் வந்து கேட்டாராம். ராவ் எல்லாம் தெரிந்துதான் என்னைக் கேட்டிருக்கிறார்.

டிசம்பர் பதினேழு மாலை அவர் வீட்டில் மறுபடியும் விருந்து. இந்த முறை அழைப்பு எனக்கு வரவில்லை. உனக்குத்தான் நேராக எழுதப்போவதாகத் திருமதி ராவ் சொல்லியனுப்பினார்.

நீ வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வராவிட்டால் வரவில்லை என்று மட்டும் சொல்வேன்.

உன்,
பெருமாள்


தென்காசி
30.11.1983

அன்புள்ள அத்தானுக்கு,

அந்த அம்மாவின் கடிதம் வந்தது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் தன் கையால் எழுதியிருக்கிறார்கள். வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். பாலாவை சுகிர்தம் டீச்சர் பார்த்துக்கொள்வாள். பரீட்சை நேரம்.

சில விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். டீச்சர் எழுதிக் கொடுத்த ஆறு வாக்கியத்தில் எனக்கு இப்போது இரண்டுதான் ஞாபகம் இருக்கிறது, மீதியை மறுபடி படிக்கப் போவதில்லை. நான் தமிழில்தான் பேசுவேன். கையால்தான் சாப்பிடுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எனக்காக நல்லதாக மாற்றிச் சொல்லக்கூடாது. உங்களுக்காகவும் மாற்றக்கூடாது. திருமதி ராவுக்குத் தமிழ் தெரியும், நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. மதுரை கிடைத்தாலும் நான் லாட்ஜை மூடமாட்டேன். சீசன் முடிந்து மீதி மாதம் அங்கே இருப்பேன். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நீங்கள் சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வாருங்கள். இதையும் அவர்கள் கேட்டால் சொல்லத்தான் செய்வேன்.

உலகம்மை


தென்காசி
21.12.1983

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மதுரையில் இறங்கிக் காலை வண்டியைப் பிடித்து, மத்தியானம் வீடு. பாலாவுக்கு நீங்கள் கொடுத்த பேனா பிடித்திருக்கிறது. பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தத்தான் ஆளில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் நினைத்த அளவுக்குப் பயமில்லை. அந்த வீட்டில் ரசம் மட்டும் கொஞ்சம் இனிப்பு. ஹைதராபாத்காரர் மனைவியும் நானும் மொழி இல்லாமலே அரைமணி நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம்.

ரயிலில் வரும்போது ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே எல்லோர் முன்னாலும் கேட்க முடியவில்லை, பிறகு தனியாக இருந்தபோது கேட்கக் கூச்சமாக இருந்தது. ராவ் என்னைப் பார்த்து, உங்கள் கணவருக்குக் கீழே பன்னிரண்டு பேரைக் கொடுக்கலாமா என்று கேட்டாரே. நான், "குடுங்க. ஆனா அவங்கள்ல யாருக்காவது எதுலயாவது பயம் வந்தா, மறைக்காம இவுககிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க. பயந்து பொய் சொன்னா என்ன ஆகும்னு இவுகளுக்குத் தெரியும்" என்றேன். அதுவரை நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டீர்கள். எனக்குத் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. பிறகு என்னமோ சொன்னீர்கள். யாரும் சிரிக்கவில்லை. திருமதி ராவ் மட்டும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன சொன்னீர்கள்?

உலகம்மை


மதுரை
3.1.1984

அன்புள்ள உலகம்மைக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். தந்தி கிடைத்திருக்கும். ஆர்டர் இருபத்தெட்டாம் தேதி வந்தது. உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்குள் மூட்டை கட்டும்படி ஆகிவிட்டது. கம்பெனி ரூமில் தங்கியிருக்கிறேன். வீடு நீ வந்து பார்க்கிற வரைக்கும் பேசப்போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நீ சொன்னதில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. பொய் என்கிற சொல். அதை எடுத்துவிட்டால் வாக்கியம் நன்றாகவே இருக்கும், பெருமையாகக்கூட இருக்கும். ஹைதராபாத்காரருக்கும் அவர் மனைவிக்கும் பழைய கதை ஒன்றும் தெரியாது. நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ சொன்னபடியே சொன்னேன். பொய் என்பதையும் சொன்னேன். "நான் ஒருமுறை அப்படிச் செய்தேன், என் மனைவி அதைத்தான் சொல்கிறாள்" என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். மாற்றக்கூடாது என்றாயே தவிரச் சேர்க்கக்கூடாது என்று நீ சொல்லவில்லை.

ஆர்டரைக் கையில் கொடுக்கும்போது ராவ் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஜூன் மாதம் அவர்கள் வீட்டுக்கு இரண்டு ரூம் வேண்டும் என்று மட்டும் உன்னிடம் சொல்லச் சொன்னார். இந்த முறை அவரும் வருகிறாராம்.

நேற்று இங்கே முதல் நாள். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். முதலில் யார் யார் லீவு என்று பார்த்தேன், யாரும் இல்லை. மேஜை நாற்காலி இன்னும் முழுசாக வரவில்லை, பெட்டிகள் மேல் உட்கார்ந்து பேசினோம். உன் வாக்கியத்தை அவர்களிடமும் சொன்னேன், யார் சொன்னது என்றும் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் எல்லோரும் போன பிறகு சுந்தரபாண்டி என்பவர் மட்டும் நின்றார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ரேடியோ ரிப்பேர் வேலையிலிருந்து வந்தவர். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். "சார், புது மாடல் மெஷின் வந்திருக்கே, அதுக்கு ட்ரெய்னிங் எடுத்தேன்னு அப்ளிகேஷன்ல எழுதியிருக்கேன். நான் எடுக்கல. நாளைக்கு விருதுநகர் பாங்குக்கு என்னைப் போட்டிருக்கீங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த பெட்டியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னேன். ஆபீஸுக்கு வந்திருந்த ஒரு புது மெஷினைத் திறந்தோம். ஏழரை மணி வரைக்கும் இரண்டு பேருமாகக் கழற்றி மாட்டினோம். இன்று காலை அவரே விருதுநகருக்குப் போயிருக்கிறார்.

உன்,
பெருமாள்